கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிக் குடியேறுங்கள்

இராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போய் நிரந்தரமாகத் தங்கிவிடலாமா என்று யோசிப்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். 2020-க்குப் பிறகு பல வேலைகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. அப்புறம் சென்னையிலும் பெங்களூரிலும் எதற்கு இவ்வளவு வாடகை கொடுக்க வேண்டும் என்று இளைஞர்களுக்குத் தோன்றுகிறது. ஓய்வு பெற்றவர்களுக்கோ கோயிலுக்குப் பக்கத்தில், கடல் காற்றில் மிச்ச காலத்தைக் கழிக்கலாம் என்ற ஆசை. இந்த ஆசைகளில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சின்ன ஊர்களுக்குப் படித்தவர்கள் திரும்பிப் போவது நல்லது என்றே நம்புகிறேன். ஆனால் போகிறவர்களிடம் அழுத்திச் சொல்ல ஒன்று இருக்கிறது: ஊருக்குள் வீடு பாருங்கள், கரையில் இடம் வாங்காதீர்கள். புயல் பயம் இதற்கு ஒரு காரணம்தான், முக்கியக் காரணம் அதுவல்ல. மீன்பிடி ஊரில் கடற்கரைதான் தொழில் நடக்கும் இடம். அதற்குச் சுவர் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, பல இடங்களில் பட்டாவும் கிடையாது. அதனால்தான் வெளியாள் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் மணலாகத் தெரிகிறது. கடைசியில் மனையாகவும் ஆகிவிடுகிறது.

தொலைவைப் பற்றி முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் இராமேசுவரம் நகராட்சியின் மக்கள்தொகை ஏறக்குறைய 45 ஆயிரம். விமானம் பிடிக்க மதுரைக்குப் போக வேண்டும், சாலை வழியாக 170 கிலோமீட்டருக்குக் குறையாது. பெரிய சிகிச்சை என்றால் இராமநாதபுரம். அங்கே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய ஆறுதல். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை, இந்த ஊர்கள் இருக்கும் பாம்பன் தீவுக்குள் ரயிலே வரவில்லை. அந்த இரண்டு வருடத்துக்கு மேலும் தீவையும் நிலத்தையும் இணைத்தது 1988-ல் திறந்த சாலைப் பாலம் ஒன்றுதான். இந்தச் சிரமங்களையெல்லாம் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் அவை உங்களை மட்டும் பாதிப்பவை. நான் பேச நினைப்பது, நீங்கள் குடியேறுவதால் இன்னொருவர் தலையில் விழும் செலவைப் பற்றி.

அந்தக் கடற்கரை ஏன் காலியாகத் தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பாம்பன் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். ஐப்பசிக்கு மேல் வாடைக் காற்று எடுத்தால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். வைகாசிக்கு மேல் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். தென்கடலில் இறங்க முடியாது, வடகடல் பக்கம் தொழில் நடக்கும். விசைப்படகு இல்லாத சிறு மீனவர்கள் காற்றுக்கேற்ப வள்ளத்தையும் வலையையும் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். ஆகவே எந்தக் கரையும் வருடத்தில் சில மாதம் வெறிச்சென்றுதான் இருக்கும். பொங்கல் விடுமுறையில் வந்து வடகரையைப் பார்க்கிறவருக்கு அங்கே படகும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டார். அமைதியான இடம், தொந்தரவு இல்லை என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். ஆடி மாதம் அதே இடத்துக்கு இருபது வள்ளங்கள் வந்து நிற்கும்போது, தன் வீட்டு முன்னால் யாரோ ஆக்கிரமித்துவிட்டதாக அவருக்குத் தோன்றும். உண்மையில் அவர்கள் வழக்கமாக வருகிற பருவத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

களத்துமேட்டை நினைத்துப் பாருங்கள். அறுவடைக் காலம் தவிர மற்ற மாதங்களில் அங்கே கோழி மேயும், பையன்கள் பந்து விளையாடுவார்கள். அதற்காக அதைத் தரிசு என்று யாரும் வளைத்துப் போட்டு வீடு கட்டினால் ஊர் சும்மா இருக்காது. களம் எதற்கு என்று நிலத்தில் வளர்ந்த நமக்குத் தெரியும். கரை எதற்கு என்று தெரியாததுதான் சிக்கல்.

கரைவலை இழுப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்த்தால் இது சட்டென்று புரியும். தனுஷ்கோடிப் பக்கம் இன்றும் இந்தத் தொழில் இருக்கிறது. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். போகப் போகக் கயிற்றை விட்டு, பிறகு வலையை அரைவட்டமாக வளைத்து இறக்கி, மறு பக்கக் கயிற்றோடு கரைக்குத் திரும்பும். திரும்புகிற இடம் புறப்பட்ட இடம் அல்ல. இரண்டுக்கும் நடுவே சில நூறு மீட்டர் இருக்கும். அப்புறம் இரண்டு அணியாகப் பிரிந்து இழுக்கிறார்கள். கயிற்றை இடுப்போடு அணைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒவ்வொரு அடியாகக் கரை மேட்டை நோக்கிப் பின்னால் நடப்பார்கள். மேட்டை எட்டிய ஆள் கயிற்றை விட்டுவிட்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்குப் போய் முன்வரிசையில் பிடிப்பார். வலை நெருங்க நெருங்க இரண்டு அணியும் பக்கவாட்டில் நகர்ந்து ஒன்றை ஒன்று நோக்கி வரும். கடைசியில் இரண்டு அணியும் சேர்ந்து வலையின் மடியைக் கரையேற்றும். ஆண், பெண், கடலுக்குப் போகும் வயது தாண்டிய பெரியவர்கள் என எல்லாரும் இழுப்பார்கள், பிடிபட்ட மீனில் எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆழ்கடலுக்குப் போகமுடியாதவருக்கும் கூலி கிடைக்கும் தொழில் இது. இப்போது கணக்குப் போடுங்கள்: நீளவாக்கில் சில நூறு மீட்டரும், அகலவாக்கில் பின்னால் நடக்கிற தூரமும் தடையில்லாமல் இருந்தால்தான் ஒரு வலையை இழுக்க முடியும். நடுவில் ஒரு சுற்றுச்சுவர், அலை வராமல் கொட்டிய கருங்கல், தண்ணீரில் இறங்கும் படிக்கட்டு, ஏதாவது ஒன்று வந்தால் போதும். அந்த ஒரு மனையின் அகலம் மட்டும் போகாது, அந்தக் கரையில் வலை இழுப்பதே நின்றுபோகும்.

கருவாடும் அப்படித்தான். காரலும் நெத்திலியும் சூடையும் காய்வதற்கு வெயிலும் காற்றும் இடமும் வேண்டும். மூன்றையும் கடற்கரை இலவசமாகத் தருகிறது என்பதால்தான் முதல் இல்லாத பெண்கள் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அந்த இடத்துக்கு வாடகை என்று ஒன்று வந்துவிட்டால் இவ்வளவு சின்ன லாபத்தில் அதைச் செய்ய முடியாது. புதிதாகக் குடிவந்தவர் வாசனையைப் பற்றி நகராட்சிக்கு மனு எழுதினால், அதை வாங்குகிற அதிகாரிக்கும் மனு எழுதினவரின் பேச்சுதான் எளிதில் புரியும். ஆங்கிலம் தெரிந்த, சட்டம் தெரிந்த ஒருவரின் சாதாரணப் புகாருக்கு அந்த ஊரில் அளவுக்கு மீறிய பலம் இருக்கிறது. குடியேறப் போகிறவர்கள் தங்கள் பணத்தின் கனத்தை மட்டும் அறிந்தால் போதாது, தங்கள் கையெழுத்தின் கனத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் அந்தக் கரை அவர்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடல் தொழிலில் உரிமை பெரும்பாலும் பத்திரத்தில் இருப்பதில்லை, ஊர்க் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைப் பாடு முறையில், சீட்டுக் குலுக்கிப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்கிற வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நம் தனுஷ்கோடியிலிருந்து கடல் வழியாக முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத மன்னாரில் கரைவலைக்கான பாடுகளுக்கு இலங்கை மீன்பிடித் துறை அனுமதி கொடுக்கிறது. இன்ன துண்டுக் கரை இன்ன சம்மாட்டியின் (வலை முதலாளியின்) வலைக்கு என்று காகிதத்தில் இருக்கும். காகிதம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அனுமதி யார் பெயரில் போகிறது என்பதை வைத்தே முல்லைத்தீவு கொக்கிளாயில் போருக்குப் பிறகு பெரும் தகராறு எழுந்தது. ஆனாலும் கரை ஒரு தொழில் நிலம், அதில் ஒருவருக்கு முன்னுரிமை உண்டு என்பதை ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொள்ள முடியும் என்பதற்கு அது சான்று. நம் பக்கத்தில் வருவாய்த் துறைப் பதிவேட்டில் கரை பெரும்பாலும் புறம்போக்கு. அதற்குப் பின்னால் இருக்கும் பட்டா நிலம் கைமாறும்போது, புறம்போக்கையும் சேர்த்தே அனுபவிக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் விலை பேசப்படுகிறது. கடல் பார்த்த மனை என்பதற்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பகுதி, நமக்குச் சொந்தமில்லாத மணலுக்குக் கொடுக்கும் விலை.

சட்டம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-ல் முதலில் வந்தது. 2011-ல் திருத்தி வெளியிட்டபோது, மீன் காயவைக்கும் இடம், வலை பழுதுபார்க்கும் இடம், படகு நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் கடலோரத் திட்ட வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று எழுதினார்கள். கிராமப்புறக் கரையில் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை, சில விலக்குகள் தவிர, புதிதாக எதுவும் கட்டக்கூடாது என்பதும் அதில் இருந்தது. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப்புறங்களில் அந்த 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. மக்கள் நெருக்கம் அதிகம் என்றால் அங்கே மீனவர்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களுக்கு வீடு கட்ட இடம் வேண்டும் என்பது உண்மைதான், தளர்வுக்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அந்தத் தளர்வை விடுதி கட்டுகிறவரும் வெளியூர்க்காரரும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரே விதியின் கீழ் போட்டி போடும்போது யார் கையில் பணம் இருக்கிறதோ அவருக்குத்தான் கரை.

தனுஷ்கோடியைப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் பாம்பனிலிருந்து வந்த ரயிலையே கடலுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. ஊர் அழிந்தது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்தன, ஏனென்றால் மீன் அங்கேதான் இருந்தது. வாழத் தகுதியற்ற இடம் என்ற ஒற்றை வரியைக் காட்டி வீட்டுக்கும் மின்சாரத்துக்கும் அவர்கள் கேட்டதெல்லாம் தள்ளிப்போனது. 2017-ல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்தது. சுற்றுலா வண்டிகள் கரையின் கடைசி முனைவரை போகலாம். அந்தச் சாலையால் மீனவர்களுக்கும் பயன் உண்டு. பிடித்த மீன் வேகமாக ஊருக்குள் வருகிறது, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிகிறது. மறுக்கவில்லை. ஆனால் அந்த மணலில் ஐம்பது வருடத்துக்கு மேலாகத் தொழில் செய்தவர்களுக்காகச் சாலை வரவில்லை, பார்க்க வருகிறவர்களுக்காகத்தான் வந்தது. அதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும்: இந்தியக் குடிமகன் நாட்டின் எந்தப் பகுதியிலும் வசிக்கலாம், குடியேறலாம் என்று அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு சொல்கிறது, நீ யார் தடுக்க? தடுக்கவில்லை. அந்த உரிமை எனக்கும் பெரிது. வேலை தேடி ஊர் விட்டு ஊர் போகும் ஏழைக்கு அதுதான் பாதுகாப்பு, மீனவர் மகன் சென்னையில் குடியேறுவதும் அதே பிரிவின் கீழ்தான். ஆனால் வசிக்கும் உரிமை வேறு, கடலுக்கு எதிரே வசிக்கும் உரிமை வேறு. இராமேசுவரத்தில் வசிக்க அலைக்கு எதிரில் வீடு இருந்தே ஆக வேண்டியதில்லை. கடற்கரைக்குப் பத்து நிமிடம் நடந்தால் போய்விடலாம். கரைவலை இழுப்பவர் தன் வலையைப் பத்து நிமிடம் தள்ளி இழுக்க முடியாது. ஒருவருடைய வசதியும் இன்னொருவருடைய பிழைப்பும் ஒரே துண்டு மணலில் மோதும்போது எது வழிவிட வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

இது நான் மட்டும் சொல்கிற கருத்தும் இல்லை. சிறுதொழில் மீன்பிடிப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் மீன்வளக் குழு 2014-ல் ஏற்றுக்கொண்டது. கடலிலும் கரையிலும் சிறு மீனவர்களுக்குள்ள வழக்குரிமைகளை அரசுகள் மதித்துக் காக்க வேண்டும் என்பது அதன் மையம். அந்த ஆவணம் உருவாகச் சென்னையிலிருந்து பல ஆண்டுகள் உழைத்தவர் சந்திரிகா சர்மா. மீன்தொழிலாளர்களுக்கு ஆதரவான சர்வதேசக் கூட்டமைப்பின் செயலாளராக இருந்தவர். அது ஏற்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2014 மார்ச்சில், காணாமல் போன மலேசிய விமானத்தில் அவரும் இருந்தார். அந்த நெறிகள் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டிருக்கின்றன. உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் ஓர் ஆவணத்துக்கு நம் ஊர்க் கடற்கரைகளோடு இவ்வளவு நெருங்கிய தொடர்பு இருந்தும் நாம் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கரையைக் காட்சிப் பொருளாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே போதுமான சாட்சி. 1985-ல் மெரினாவை அழகுபடுத்த வேண்டும் என்று மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றினார்கள். எதிர்ப்பு மூண்டு துப்பாக்கிச் சூடு வரை போனது. 2023-ல் அதே மெரினாவுக்குத் தெற்கே நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்ற பெண்கள் போக்குவரத்துக்கு இடையூறு என்று அகற்றப்பட்டார்கள், குப்பத்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பிறகு அவர்களுக்கென்று சந்தைக் கட்டடம் வந்தது. அங்கே சாலை வருவதற்கு முன்பே அவர்கள் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். இராமேசுவரம் சென்னை இல்லைதான். ஆனால் வழி இதேதான். முதலில் நடக்க வருவார்கள், பிறகு வீடு வரும், பிறகு வாகனம், பிறகு புகார்.

இரண்டாவது மறுப்பு, வருமானம் பற்றியது. வெளியாட்கள் வந்தால் ஊரில் பணம் புழங்கும், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்பது. இதில் பாதி உண்மை. ஊருக்குள் வாடகைக்கு வீடு எடுத்து, அங்கேயே காய்கறி வாங்கி, ஆட்டோவில் போய்வந்து, பிள்ளையை அங்குள்ள பள்ளியில் சேர்க்கிறவரால் ஊருக்கு நிச்சயம் நன்மை. வருடத்தில் சில வாரம் வந்துபோக வீடு கட்டிப் பூட்டிவைக்கிறவரால் கிடைப்பது காவலாளி வேலை ஒன்று. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் செயின்ட் ஐவ்ஸ் என்று ஒரு பழைய மீன்பிடி ஊர் இருக்கிறது. அழகான ஊர் என்பதாலேயே வெளியூர்க்காரர்கள் இரண்டாவது வீடாக வாங்கிக் குவித்தார்கள், ஊர்க்காரர்கள் வாங்க முடியாத விலைக்கு வீடு போயிற்று. 2016-ல் புதிதாகக் கட்டும் வீடுகளை முழுநேரக் குடியிருப்புக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று ஊர் மக்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்தவர்களில் 83 சதவீதம் ஆதரவு. அந்த விதி ஏற்கெனவே இருந்த வீடுகளைக் கட்டுப்படுத்தவில்லை என்பதால் அது முழு மருந்தாக இருக்கவில்லை. மீன்பிடி ஊர் அந்த நிலைமைக்கு வந்த பிறகு விதி போடுவது எவ்வளவு தாமதம் என்பதைத்தான் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். நம் தீவில் நிலைமை இன்னும் அந்த அளவுக்கு முற்றவில்லை, இப்போது யோசித்தால் பலன் உண்டு.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள், அதுதான் கடினமானது: கடலைக் கெடுத்தது குடியேறியவர்களா, விசைப்படகுகளின் இழுவை மடியா? உண்மை. பாக் விரிகுடாவின் அடித்தரையை இழுவை மடி உழுதுபோட்டதில் குடியேறியவர் யாருக்கும் பங்கில்லை. இராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என வாரத்துக்கு மூன்று நாளும், நாட்டுப்படகுகள் மற்ற நாட்களும் என்று பிரித்துக்கொண்டதே இரு தரப்புக்கும் நடந்த நீண்ட மோதலின் விளைவு. கரைக்கு மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக்கூடாது என்ற 1983 மாநிலச் சட்டத்தின் விதி மீறப்படாமல் இருந்திருந்தால் நாட்டுப்படகுக்காரர் இவ்வளவு நொந்திருக்கமாட்டார். எல்லைக்கு அப்பால் வட இலங்கைத் தமிழ் மீனவர்களும் இதே இழுவை மடியால்தான் வலையையும் மீனையும் இழக்கிறார்கள். இழுவை மடியை இலங்கை 2017-ல் சட்டமாகவே தடை செய்தது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் வாதம் தளரவில்லை, இன்னும் இறுகுகிறது. கடலில் ஏற்கெனவே நெருக்கப்பட்ட சிறு மீனவருக்கு மிச்சம் இருக்கும் ஒரே பிடி கரை. விசைப்படகு துறைமுகத் தளத்தில் நிற்கும். அதற்குக் கடற்கரை மணல் தேவையில்லை. மணல் தேவைப்படுவது வள்ளத்துக்கும் கரைவலைக்கும் கருவாட்டுக்கும். ஆக, கரை போனால் அடிபடுவது கடலைக் கெடுத்தவர் அல்ல, கெட்ட கடலோடு போராடிக்கொண்டிருப்பவர்.

தண்ணீரையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் கரையோர வீட்டின் தீமை கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது அங்கேதான். மணல் தீவில் நல்ல தண்ணீர் என்பது மழை தந்தது. அது உப்பு நீரைவிட இலேசானதால் அதன் மேல் படலமாக மிதந்துகொண்டிருக்கும். தனுஷ்கோடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு பெண்கள் குடம் நிறைப்பது இதனால்தான் முடிகிறது. ஆழமாகத் தோண்டமாட்டார்கள், மேலாக ஊறுவதை மட்டும் எடுப்பார்கள். நிலத்தடி நீரியல் பாடத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல நீர் தாங்கும். திருப்பிப் பார்த்தால், மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு நீர் அதே விகிதத்தில் ஏறிவர இடம் கிடைக்கிறது. ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் மாடித் தொட்டியும் உள்ள வீடு நாள்தோறும் செய்வது அதைத்தான். முதலில் உப்பாவது பக்கத்துக் குடிசையின் ஊற்று. பணம் உள்ளவர் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்வார்.

சரி, ஊருக்குள்ளேயே குடியேறியாயிற்று என்று வையுங்கள். அதோடு முடிந்துவிடாது, அந்த ஊரின் நாட்காட்டியை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காற்று அதிகம் என்றால் மீன்வளத் துறை டோக்கன் கொடுக்காது, யாரும் கடலுக்குப் போகமுடியாது. பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் ஊரே காத்திருக்கும். எல்லைப் பக்கம் மீனவர்கள் பிடிபட்டால் வேலைநிறுத்தம். அந்த நாட்களில் ஊரில் காசு இருக்காது, கடையில் கடன் ஏறும், வட்டிக்காரர் வருவார். மீன் இல்லையே, விலை ஏறிவிட்டதே என்று சலித்துக்கொள்வதும், கிடைக்கிற காரலையும் சூடையையும் வாங்கிச் சமைக்கப் பழகுவதும் குடியேறியவர் கையில்தான் இருக்கிறது. வஞ்சிரம் மட்டுமே மீன் என்று இருக்கிறவருக்கு அந்த ஊரில் வருடம் முழுக்க ஏமாற்றம்தான்.

அந்த மக்களுக்குக் கட்டுப்பாடு தெரியாது, வெளியிலிருந்து யாராவது வந்து கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற நினைப்பையும் விட்டுவிட வேண்டும். பாம்பன் சின்னப்பாலம் முதலான ஊர்களில் பெண்கள் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். பாறையில் விரல் கிழியாமல் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இறங்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறிப்பார்கள். 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியக் கடல் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு, தலைமுறையாகப் போய்வந்த இடத்துக்கே அவர்கள் அத்துமீறி நுழைபவர்கள் ஆகிவிட்டார்கள். ஆனாலும் பாசி மறுபடி வளரவேண்டும் என்று மாதத்தில் எத்தனை நாள் போவது, எந்தப் பருவத்தில் போகாமல் இருப்பது என்று தங்களுக்குள்ளேயே பேசி முடிவு செய்துகொண்டார்கள். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் சூழலைக் காக்கும் அமைப்பான சீக்காலஜியின் விருது கிடைத்தது இந்தப் போராட்டத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும்தான்.

இதையெல்லாம் தனித்தனி ஆட்களின் நல்ல மனதுக்கு விட்டுவிடக் கூடாது என்பதும் என் கருத்து. வாங்குகிறவர் நல்லவராகவே இருந்தாலும், அவருக்குத் தெரியவேண்டியதைச் சொல்ல இப்போது யாரும் இல்லை. மீன் காயும் இடம், வலை இழுக்கும் கரை, வள்ளம் நிற்கும் இடம் இவையெல்லாம் குறித்த வரைபடம் ஊர் வாரியாகத் தமிழில், சர்வே எண்ணோடு, சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல அதையும் பார்த்த பிறகே கரையோர மனை பதிவாக வேண்டும். வரைபடத்தை வாடையிலும் கச்சானிலும் தனித்தனியாகப் போய்ப் பார்த்துத் தயாரிக்க வேண்டும். ஒரே தடவை வந்து அளந்துவிட்டுப் போனால் பாதிக் கரை விட்டுப்போகும். கிராம மீனவர் சங்கத்தின் கையெழுத்து இல்லாமல் அதை இறுதி செய்யக்கூடாது. அப்படி ஒரு வரைபடம் வரும்வரை, தீவில் எந்த இடத்தைப் பார்க்கப் போனாலும் தரகரை அனுப்பிவிட்டு ஊர்த் தலைவரிடமோ, கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒருவரிடமோ இரண்டு கேள்வி கேளுங்கள்: கச்சான் காலத்தில் இங்கே யார் தொழில் செய்கிறார்கள்? வாடையில் யார்?